பச்சைக்கிளிக்கு வழக்கு, மக்காவுக்குச் சான்றிதழ்

2024 ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தல் பிரசாரத்தின்போது, கடலூர்த் தொகுதியில் பா.ம.க. வேட்பாளராக நின்ற இயக்குநர் தங்கர் பச்சான், தென்னம்பாக்கத்தில் ஒரு கிளி ஜோசியர் முன்னால் உட்கார்ந்தார். கிளி வெளியே வந்து சீட்டைக் கொத்தி எடுத்தது. வெற்றிதான் என்றார் ஜோசியர். காணொளி பரவிய கையோடு வனத்துறையினர் வந்து ஜோசியரைப் பிடித்தார்கள், கிளிகளைப் பறிமுதல் செய்தார்கள். பிறகு அவரை விட்டுவிட்டார்கள். தேர்தலில் கிளி சொன்னது பலிக்கவில்லை.

இதில் அரசியல் இருந்ததா இல்லையா என்ற விவாதம் அப்போதே ஓடி முடிந்துவிட்டது. என்னை உறுத்தியது வேறு. வனத்துறை செய்தது சட்டப்படி சரி. பச்சைக்கிளி நம் நாட்டுப் பறவை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கூண்டில் வைப்பது குற்றம். நம் நாட்டுப் பறவைகளை விற்பதும் வாங்குவதும் 1990-91லிருந்தே முழுத் தடையில் இருக்கின்றன. ஆனால் தென் அமெரிக்கக் காட்டுப் பறவையான நீல மஞ்சள் மக்காவை ஒருவர் அடுக்ககத்தின் பால்கனியில் வைத்துக்கொள்ளலாம். இணையதளத்தில் முறையாகப் பதிவுசெய்திருந்தால் போதும், யாரும் கேட்க முடியாது. கிளி ஜோசியரின் மொத்தச் சொத்தையும் விற்றாலும் அந்த மக்காவின் ஒரு இறகுக்குக்கூட விலை தேறாது.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதற்கு ஓர் உடனடிக் காரணமும் உண்டு. நான் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் குடியிருப்பில் ஒருவர் பால் பைதான் வளர்க்கிறார். (பால் பைதான் என்றதும், "பால் குடிக்கிற பாம்பாப்பா?" என்று கேட்டார் ஒரு பாட்டி. மிரண்டால் பந்துபோலச் சுருட்டிக்கொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு அது, விஷமில்லை.) விஷயம் தெரிந்ததும் வாட்ஸப் குழுவில் பற்றிக்கொண்டது. "கொழந்தைங்க வெளையாடுற எடத்துல பாம்பா?" என்று ஒரு பக்கம். "என்கிட்ட பேப்பர் இருக்கு மேடம்" என்று இவர். ஊராட்சியில் போய்க் கேட்டோம். அங்கிருந்தவர் சிரித்துவிட்டார். "சார், நாய்க்கே எங்ககிட்ட ரிஜிஸ்டர் கெடையாது. மாடு மேஞ்சா பவுண்டுல அடைக்கலாம். பாம்புக்கு ஃபாரஸ்ட்ல கேளுங்க." வனத்துறையில் கேட்டால், "அது நம்ம ஊர்ப் பாம்பு இல்லியே. பதிவு பண்ணியிருக்காருன்னா நாங்க ஒண்ணும் பண்றதுக்கில்ல."

இரண்டு பேர் சொன்னதும் சரி. பக்கத்து வீட்டுக்காரரின் பயம் நியாயமானதா, வீண் பயமா என்பதை விட்டுவிடலாம். அந்தப் பயத்தைக் கேட்டு, நேரில் வந்து பார்த்து, "இது பரவாயில்லை" என்றோ "இது கூடாது" என்றோ சொல்லும் ஒரு மேசை இந்த ஊரில் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது.

பவுண்டும் பறவையும்

ஆபத்தான விலங்கை வைத்திருப்பவரைப் பற்றி நம் நாட்டு நவீனச் சட்டம் சொன்ன முதல் வாக்கியங்களில் ஒன்று, 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 289ஆம் பிரிவு. தன்னிடமிருக்கும் விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்னும்போது, அதைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாமல் விடுபவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாயா, யானையா, புலியா என்று அது கேட்கவில்லை. ஆயிரம் ரூபாய் அன்று பெரிய தொகை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இதே வாசகம் 291ஆம் பிரிவாக இருக்கிறது; அபராத வரம்பு ஐயாயிரம் ஆகியிருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் புலி வளர்த்தவர்கள் போய், பிட்புல் வளர்ப்பவர்கள் வந்துவிட்டார்கள். வாசகம் மாறவில்லை.

ஆனால் இது பெரும்பாலும் காரியம் கெட்டபின் தேடப்படும் பிரிவு. முன்கூட்டியே யார் எதை எங்கே வைக்கலாம் என்று சொல்வது வேறு வகை விதி. அதில் முதலில் வந்தது மாடு. 1871இன் கால்நடை அத்துமீறல் சட்டம் ஊர்தோறும் பவுண்டுகளுக்கு வழிசெய்தது. அடுத்தவன் வயலில் மேய்ந்த மாட்டை அடைப்பது, தீனிச் செலவு வாங்குவது, சொந்தக்காரன் வராவிட்டால் ஏலம் விடுவது எல்லாம் உள்ளூரிலேயே முடிந்துவிடும். எனக்குப் பதில் சொன்ன ஊராட்சிக்காரர் தன்னையறியாமல் இந்தச் சட்டத்தைத்தான் சொன்னார்.

அடுத்தது யானை. 1873இல் சென்னை மாகாணம் காட்டு யானைகளைக் கண்டபடி கொல்வதைத் தடுக்க ஒரு சட்டம் இயற்றியது. 1879இல் இந்திய அளவில் யானைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இதில் கருணையைவிடக் கணக்கு அதிகம். மரம் இழுக்கவும் பீரங்கி இழுக்கவும் அரசுக்கு யானை வேண்டும். அதனால் உரிமம் இல்லாமல் பிடிக்கப்பட்ட யானை அரசின் சொத்து என்றது சட்டம். காட்டு விலங்கை அரசுச் சொத்தாகப் பார்க்கும் பார்வை எழுத்தில் அழுத்தமாகப் பதிந்த இடங்களில் இது ஒன்று.

மூன்றாவதுதான் எனக்கு ஆச்சரியம் தந்தது. 1887இல் காட்டுப் பறவைகளைப் பாதுகாக்க ஒரு சட்டம் வந்தது. இனப்பெருக்கக் காலத்தில் புதிதாகப் பிடித்த அல்லது கொன்ற பறவைகளைத் தம் எல்லைக்குள் வைத்திருப்பதையும் விற்பதையும் தடுக்க விதி செய்யும் அதிகாரத்தை அது நகராட்சிகளுக்கும் கண்டோன்மென்ட்களுக்கும் கொடுத்தது. அதாவது, காட்டு உயிரை யார் வைத்திருக்கலாம் என்பதில் நகராட்சிக்கு ஒரு வாய் இருந்தது. இருபத்தைந்தே ஆண்டுகள். 1912இல் வந்த காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு, அந்த அதிகாரத்தை மாகாண அரசிடம் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அது கீழே இறங்கவே இல்லை, மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. 1976இன் 42ஆவது அரசியல் சாசனத் திருத்தம் வன உயிரினப் பாதுகாப்பை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. 1992இல் உள்ளாட்சிகளுக்கென்று பொறுப்புகளைப் பட்டியலிட்டபோது, நகராட்சிகளுக்கான பன்னிரண்டாம் அட்டவணையில் விலங்கு என்ற பேச்சுக்கு மிஞ்சியவை இரண்டுதான்: பவுண்டும் விலங்குவதைத் தடுப்பும். ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையில் கால்நடை, கோழி, மீன்.

ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் சுற்றி இன்று கார் தொழிற்சாலைகளும் அடுக்ககங்களும் நிற்கும் நிலத்தில் பெரும்பகுதி கிராம ஊராட்சிகளின் எல்லைக்குள் வளர்ந்தது. வாழ்க்கை நகரத்துடையது, நிர்வாகம் கோழியும் மீனும் அறிந்தது.

நவாபின் விலங்குகள்

இதே தொழிற்தடத்தின் ஒரு முனையில் இந்தக் கதையின் இன்னொரு பாதி இருக்கிறது. ஒரகடம் வழியாக வாலாஜாபாத் போகும் சாலை தொடங்குவது வண்டலூரில், அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குப் பக்கத்தில். அந்தப் பூங்காவின் வேர் சென்னை எழும்பூரில் இருக்கிறது. அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த எட்வர்ட் பால்ஃபர் 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு விலங்குக்காட்சியைத் தொடங்கினார். கர்நாடக நவாபிடமிருந்த விலங்குத் தொகுப்பைக் கேட்டுப் பெற்றதுதான் அதற்கு அடித்தளம். அதே ஆண்டு அக்டோபரில் நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசு இல்லாமல் இறந்தார்; கம்பெனி நவாப் பட்டத்தையே ஒழித்துவிட்டது. அரண்மனைக் கூண்டில் இருந்தவை அரசாங்கக் கூண்டுக்கு வந்துசேர்ந்தன. 1860களில் விலங்குக்காட்சி சென்ட்ரல் ரயில் நிலையத்துப் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது.

அதற்கு அருகிலேயே 1900இல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. பழைய புத்தகத்துக்குப் பேர்போன இடம். கிளி, புறா, மீன், நாய்க்குட்டி என்று வளர்ப்புப் பிராணிகளுக்கும் அதுதான் சந்தை. ஒரு பக்கம் டிக்கெட் வாங்கிப் பறவை பார்க்கலாம், இன்னொரு பக்கம் காசு கொடுத்துப் பறவை வாங்கலாம். 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்துபோனது. அதே ஜூலையில் வண்டலூர்ப் பூங்கா திறக்கப்பட்டது. காட்சிக்கூண்டுகள் நகருக்கு வெளியே காட்டோரம் போயின. விற்பனைக்கூண்டுகள் பிராட்வே நடைபாதைக்கும் கொளத்தூர் மீன்கடைகளுக்கும் பரவின, இன்று போனுக்குள்ளும் வந்துவிட்டன.

முப்பது நாள்

1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பெரிய சட்டம். அது இல்லாவிட்டால் புலியும் சிங்கவால் குரங்கும் இன்று படத்தில்தான் இருந்திருக்கும். அதைக் குறைசொல்வது என் நோக்கமில்லை. நான் பார்க்க விரும்புவது அதன் 40ஆம் பிரிவு. உயர்ந்த அட்டவணைகளில் உள்ள விலங்கை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், சட்டம் நடைமுறைக்கு வந்த முப்பது நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் உடைமைச் சான்றிதழ் பெறலாம். இல்லாவிட்டால் 39ஆம் பிரிவு: சட்டத்தை மீறி வைத்திருக்கும் காட்டு விலங்கு அரசின் சொத்து. 1879இன் யானை வாசகம் எல்லா விலங்குக்கும் விரிந்தது.

முப்பது நாள் யாருக்குப் போதும்? அரசிதழ் படிக்கும் வக்கீல் வைத்திருக்கும் ஜமீனுக்கும் சர்க்கஸ் முதலாளிக்கும் போதும். கௌதாரி வைத்திருந்த நரிக்குறவருக்கு? பாம்பாட்டிக்கு? குரங்காட்டிக்கு? இவர்களுக்கும் விலங்குக்குமான உறவு எல்லாம் அன்பானது என்று நான் சொல்ல வரவில்லை. பல் பிடுங்கிய நாகமும் மூக்கில் கயிறு கோத்த கரடியும் கொடுமைதான். ஆனால் ஒரே சட்டம் வந்த அன்று, ஒருவர் கையில் இருந்தது உடைமையாகவும் இன்னொருவர் கையில் இருந்தது குற்றமாகவும் மாற, இடையில் நின்றது ஒரு படிவம்.

அந்தப் படிவ வாய்ப்பு பிறகும் திரும்பத் திரும்ப வந்தது. 2003இல் வன உயிரினங்களையும் அவற்றின் தோல், கொம்பு முதலியவற்றையும் அறிவிக்காமல் வைத்திருந்தவர்களுக்கு 180 நாள் அவகாசம். 2020 ஜூனில், அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்களுக்கு ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆறு மாதம் கொடுத்தது. அந்த அவகாசத்துக்குள் தாமாக முன்வந்து அறிவித்தால் ஆவணம் ஏதும் காட்ட வேண்டாம். அதாவது, எப்படி வந்தது, எந்தப் பெட்டியில் மூச்சுத்திணறி வந்தது என்று கேட்கமாட்டோம். 2024இல் புதிய விதிகளின்கீழ் இன்னொரு ஆறு மாதம். இந்தியாவில் அயல் விலங்கு வளர்ப்பின் சட்ட வரலாற்றை ஒரே வரியில் எழுதச் சொன்னால், இந்த அவகாசங்களைத் தேதிவாரியாக எழுதிவிடலாம்.

என் தொழிலில் பழைய தரவைப் புதிய அமைப்புக்கு மாற்றும்போது இதே சமரசம் செய்வோம். கைவசம் உள்ளதை அப்படியே ஏற்று, இன்றிலிருந்து ஒழுங்காக எழுதுவோம் என்போம். ஒருமுறை செய்தால் அது நடைமுறை. மூன்று முறை செய்தால், அடுத்த முறையும் ஏற்றுக்கொள்வார்கள் என்று எல்லோரும் கற்றுக்கொள்வார்கள். கிளி ஜோசியருக்கு மட்டும் எந்த அவகாசமும் வாய்க்கவில்லை, அவர் வைத்திருந்தது உள்ளூர்க் கிளி.

விமான நிலையக் கதவு

அயல் விலங்குக்கு ஏன் இத்தனை இடம்? 1972இன் சட்டம் முதன்மையாக நம் காட்டு உயிரினங்களை நினைத்து எழுதப்பட்டது. அயல்நாட்டு உயிரினங்களுக்கு வேறு ஏற்பாடு இருந்தது. அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை, சுருக்கமாக சைட்ஸ், 1973இல் வாஷிங்டனில் உருவானது. இந்தியா 1976இலேயே அதில் சேர்ந்துவிட்டது. ஆனால் அந்தப் பட்டியல் நம் வன உயிரினச் சட்டத்துக்குள் வந்தது 2022 டிசம்பரில் நிறைவேறிய திருத்தத்தில்தான். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. இடையில் நாற்பத்தாறு ஆண்டுகள். இந்தக் காலம் முழுக்க, சைட்ஸ் பட்டியல் விலங்கு ஒன்று நாட்டுக்குள் நுழைவதைச் சுங்கச் சட்டமும் இறக்குமதிக் கொள்கையும் தடுக்கலாம். மீனம்பாக்கத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்துவிட்டால், அதை வீட்டில் வைத்திருப்பதைப் பற்றி வன உயிரினச் சட்டம் பேசாது.

கதவில் என்ன நடக்கிறது என்பதை நாம் செய்திகளில் படித்துக்கொண்டேயிருக்கிறோம். 2019 பிப்ரவரியில் பாங்காக்கிலிருந்து வந்த ஒருவரின் பையில் பிறந்து ஒரு மாதமேயான சிறுத்தைக்குட்டி இருந்தது. எடை ஒரு கிலோ சொச்சம். சுங்கத் துறை அதை வண்டலூருக்கு அனுப்பியது. பிறகும் மலைப்பாம்புகள், உடும்புகள், குட்டிக் குரங்குகள் என்று பாங்காக் விமானங்களில் பிடிபடுகின்றன. பலவற்றை வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். எதிர்த்திசையில் நம்மூர் நட்சத்திர ஆமைகள் போய்க்கொண்டிருக்கின்றன. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் யாரோ ஒருவருக்கு அவைதான் அயல் விலங்கு. சிங்கப்பூரில் நட்சத்திர ஆமை, இகுவானா, முள்ளெலி, டாரன்டுலா எதையும் வீட்டில் வளர்க்கக் கூடாது. அங்கே போய்க் குடியேறிய நம் ஆட்கள் அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள், ஏனென்றால் எது கூடும் எது கூடாது என்று அங்கே கேட்டால் தெளிவாகச் சொல்கிறார்கள். இங்கே நம் தொழிற்தடத்தை ஒட்டிப் பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குத் திட்டம் இருக்கிறது. அந்தக் கதவு எங்கள் வீட்டுக்கு இன்னும் பக்கம்.

2022 திருத்தம் பழைய ஆறு அட்டவணைகளை நான்காகச் சுருக்கி, நான்காவதில் சைட்ஸ் பட்டியலை வைத்தது. 2024 பிப்ரவரி 28 அன்று வந்த விதிகளின்படி, அந்தப் பட்டியலிலுள்ள உயிருள்ள விலங்கை வைத்திருப்பவர் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குட்டி போட்டாலும் இறந்தாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். எங்கள் குடியிருப்புக்காரர் காட்டிய பேப்பர் இதுதான். நல்ல முன்னேற்றம். ஆனால் 1887இல் நகராட்சியில் இருந்த அதிகாரம் இப்போது எங்கே இருக்கிறது பாருங்கள். விலங்கு இருப்பது ஒரகடம் பக்கத்து அடுக்ககத்தில். பதிவு இருப்பது டெல்லியின் இணையதளத்தில். எது பதிவுக்கு உரியது என்று முடிவாவது சைட்ஸ் உறுப்பு நாடுகள் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கூடும் மாநாட்டில்.

எது ஆபத்து?

சைட்ஸ் பட்டியலைத் தயாரித்தவர்கள் கேட்ட கேள்வி: வணிகத்தால் இந்த உயிரினம் அழியுமா? பட்டியல் அந்தக் கேள்விக்கு நன்றாகவே பதில் சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்பது வேறு: இது கடிக்குமா? தப்பித்தால் என்ன ஆகும்? யார் பிடிப்பார்கள்? ஒரு கேள்விக்காக எழுதிய பட்டியலில் இன்னொரு கேள்விக்கு விடை தேடினால் கோணலான விடைதான் வரும்.

விஷமற்ற பால் பைதான் பட்டியலில் இருக்கிறது. கொடிய விஷமுள்ள வட அமெரிக்கக் கிலுகிலுப்பை விரியன்களில் பல இல்லை. அதை ஒருவர் எப்படியோ கொண்டுவந்து வீட்டில் வைத்தால், நான்காம் அட்டவணை அதைப் பார்க்காது. கடித்தால், நம் மருத்துவமனைகளில் இருக்கும் முறிமருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு மட்டும் தயாரித்தது. மனிதருக்கு ஆபத்தில்லாமல் ஏரிக்கு ஆபத்தானவையும் உண்டு. தொட்டியின் பாசியைத் தின்று சுத்தம் செய்யும் என்று மீன்கடையில் விற்கும் சக்கர் மீன், வளர்ந்து தொட்டி போதாமல் போனதும் ஏரியில் விடப்பட்டு, இன்று மீனவர் வலைகளைக் கிழிக்கிறது. அதுவும் சைட்ஸ் பட்டியலில் இல்லை. இத்தகைய ஊடுருவும் அயல் உயிரினங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தை அதே 2022 திருத்தம் ஒன்றிய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக் கிராமம் எதற்கும் அந்த அதிகாரம் இல்லை.

நாய் விஷயத்தில் இது இன்னும் கண்கூடு. 2024 மார்ச்சில் ஒன்றிய கால்நடைத் துறை 23 நாய் இனங்களை மூர்க்கமானவை என்று தடைசெய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறின. டெல்லியிலிருந்து வந்த பட்டியலாலும் பெங்களூரிலிருந்து வந்த தீர்ப்பாலும் அந்தப் பூங்காவுக்குள் எதுவும் செய்ய முடியவில்லை. சங்கிலி இருந்ததா, வாய்க்கட்டு இருந்ததா, நாயைக் கையாளத் தெரிந்தவர் கூட இருந்தாரா என்பதெல்லாம் அந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

வேறு நாடுகள் இதை எப்படிச் செய்தன? 1969இல் லண்டனின் ஹாரட்ஸ் அங்காடியில் ஒரு சிங்கக்குட்டியைக் காசு கொடுத்து வாங்க முடிந்தது. இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் வாங்கி, கிறிஸ்டியன் என்று பெயர் வைத்து, செல்சியில் ஒரு மரச்சாமான் கடையின் நிலவறையில் வளர்த்தார்கள். அதன் கதை கென்யக் காட்டில் நல்லபடியாக முடிந்தது. அந்தக் காலத்து மோகத்தின் எல்லாக் கதையும் அப்படி முடியவில்லை. 1976இல் பிரிட்டன் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டத்தை இயற்றியது. அதன் பட்டியலை நாடாளுமன்றம் போட்டது. உரிமம் கொடுக்கும் வேலையை உள்ளூர் மன்றத்திடம் விட்டது. கால்நடை மருத்துவர் வந்து கூண்டைப் பார்க்க வேண்டும், அயலாருக்குச் சேதம் வந்தால் ஈடுகட்ட உரிமையாளர் காப்பீடு வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம் தாமதமாகக் கற்றது. 2011 அக்டோபரில் ஜேன்ஸ்வில் அருகே தனியார் விலங்குப்பண்ணை உரிமையாளர் ஒருவர் கூண்டுகளைத் திறந்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். இருட்டுகிற நேரத்தில் போலீசாருக்கு வேறு வழி தெரியவில்லை. 18 புலிகள் உட்பட வெளியே வந்தவற்றில் மிகப் பெரும்பாலானவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த ஆண்டே அங்கே சட்டம் வந்தது.

உள்ளூரில் அதிகாரம் கொடுத்தால் உள்ளூர்ப் பீதியும் சேர்ந்து வரும் என்பது நியாயமான அச்சம். 2015 வெள்ளத்தில் முதலைப் பண்ணையிலிருந்து நாற்பது முதலைகள் தப்பிவிட்டன என்று சென்னை முழுக்க வாட்ஸப் அலறியது. பண்ணை மறுத்தது, ஒன்றுகூடத் தப்பவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் சாலையை ஒரு முதலை உண்மையிலேயே கடந்துபோனது. சென்னையின் சில நீர்நிலைகளில் சதுப்புநில முதலைகள் இயல்பாகவே வாழ்கின்றன, மனிதரைத் தவிர்ப்பவை என்று வனத்துறைச் செயலர் அன்றே விளக்கினார். பீதி அடங்கியது. விஷயம் தெரிந்த ஒருவர் உடனே பதில் சொன்னதுதான் காரணம். எங்கள் குடியிருப்பில் அன்று தேவைப்பட்டதும் அதுதான். பாம்பு வளர்ப்பவருக்கும்கூட அது நல்லது. ஒரு கால்நடை மருத்துவர் வந்து கூண்டின் பூட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்திருந்தால், லிஃப்டில் அவரைப் பார்த்ததும் யாரும் ஒதுங்கியிருக்க மாட்டார்கள்.

வடநெம்மேலியின் பானைகள்

அப்படியோர் உரிமம் நம் நாட்டில் சாத்தியமா என்றால், இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனால் போதும். வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1972இன் சட்டமும், 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் இருளர்களின் பிழைப்பை ஒரே அடியில் நிறுத்தின. மற்றப் பல சமூகங்களுக்கு நடந்ததுபோல இவர்களும் குற்றவாளிகளாக எஞ்சியிருக்க வேண்டியவர்கள். 1978இல் ரோமுலஸ் விட்டேகர் முன்னெடுப்பில் சங்கம் தொடங்கியது. வனத்துறை உரிமம் கொடுத்தது.

அந்த உரிமம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். எந்தப் பாம்பு: நான்கு இனம் மட்டும். எத்தனை: இனத்துக்கு இத்தனை என்று ஒதுக்கீடு. எவ்வளவு நாள்: ஏறத்தாழ மூன்று வாரம். எங்கே: துணி கட்டிய மண்பானையில். எதற்கு: விஷம் எடுக்க. பிறகு என்ன: வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துக் காட்டில் விட வேண்டும், அடையாளமுள்ளதை உடனே மறுபடி பிடிக்கக் கூடாது. யார்: பிடிக்கத் தெரிந்தவர். நாட்டின் முறிமருந்து உற்பத்திக்குத் தேவையான விஷத்தில் மிகப் பெரும்பங்கு இந்தப் பானைகளிலிருந்து போகிறது. 2023இல் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இந்தியாவின் மிக ஆபத்தான பாம்புகளைக் கையில் வைத்திருக்கும் இவர்களிடம் சட்டம் கேட்கும் கேள்விகளில் பாதியைக்கூட, அயல் விலங்கு வாங்கும் ஒருவரிடம் நேரில் வந்து யாரும் கேட்பதில்லை. ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ புதிய பெரிய சட்டம் எதுவும் வேண்டாம். பரிவேஷில் ஏறும் பதிவின் நகல் ஒன்று தானாக உள்ளாட்சிக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் வர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கால்நடை மருத்துவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். தப்பினால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு எண் வேண்டும். பட்டியலில் இல்லாத விஷப்பாம்புக்கும் ஏரியைக் கெடுக்கும் மீனுக்கும் மாநில அளவில் தனியாக ஒரு சிறு பட்டியல் வேண்டும். இதில் மென்பொருள் வேலை இரண்டு வாரத்துக்கு மேல் இருக்காது. மிச்சமெல்லாம், 1912இல் நகராட்சியிடமிருந்து எடுத்துக்கொண்டுபோன ஒரு சிறு அதிகாரத்தைத் திருப்பிக் கொடுக்க யாருக்கு மனம் வரும் என்பதுதான்.